வூஷியா கதைகளில் ஒரு சண்டையை எடைபோடுவது எப்படி: வீர நெறிக்கும் நேர்மையான மோதலுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஹாங்காங் எழுத்தாளர் ஜின் யோங்கின் கடைசி நாவலான 'மானும் கொப்பரையும்' தொடங்கிய சிறிது நேரத்திலேயே ஒரு சண்டை வருகிறது. அரசாங்கத்தால் தேடப்படும் மாவ் ஷீபா என்ற முரட்டு வீரன், யாங்சோவ் நகருக்கு வெளியே அரசுப் படைவீரர்களிடம் சிக்கிக்கொள்கிறான். சாட்டை வீசும் அவர்களுடைய தலைவனிடம் அவன் உயிர் போகும் நிலைக்கு வந்துவிட்டபோது, அவனோடு ஒட்டிக்கொண்டு வந்த வெய் ஷியாவ்பாவ் என்ற பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையன், சுண்ணாம்புத் தூளை அந்தத் தலைவனின் கண்களில் வீசுகிறான். கண் தெரியாமல் தடுமாறியவன் அங்கேயே சாகிறான். நடந்தது இன்னதென்று தெரிந்ததும் மாவ் ஷீபா, தன் உயிரைக் காப்பாற்றிய அந்தப் பையனையே அறைகிறான். கண்ணில் சுண்ணாம்பு தூவுவது இழிந்தவர்களிலும் இழிந்தவர்கள் செய்யும் வேலை என்றும், அதைவிடச் செத்திருக்கலாம் என்றும் கொதிக்கிறான். பையன் அழுதுகொண்டே திருப்பிக் கேட்கிறான்: கத்தியால் கொன்றாலும் கொலைதான், சுண்ணாம்பால் கொன்றாலும் கொலைதான், இதில் மேல் என்ன, கீழ் என்ன?

வூஷியா எனப்படும் சீனப் போர்க்கலை வீரக் கதைகளுக்குள் புதிதாக நுழையும் வாசகர் பலருக்கும் இந்த அறை புரிவதில்லை. உயிர் பிழைத்த ஒருவன் ஏன் கோபப்பட வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் படித்தால், இந்த நாவல்களின் சண்டைக் காட்சிகள் வெறும் தாவலும் பாய்ச்சலுமாகத் தோன்றும். விடை தெரிந்து படித்தால், ஒவ்வொரு சண்டையும் ஒருவனுடைய உள்ளத்தைத் திறந்து காட்டும் வழக்கு விசாரணையாக மாறிவிடும். அப்படிப் படிப்பதற்கான வழியைப் படிப்படியாகச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம். கதை முடிவுகள் சிலவற்றைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எல்லாப் படிகளுக்கும் அடியில் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. அதை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்: இந்த மனிதன் தன் கையில் இருந்த எந்த அனுகூலத்தைத் தானாகவே விட்டுக்கொடுத்தான்? யார் வென்றார்கள் என்பதும், எந்த விதி மீறப்பட்டது என்பதும் இதற்குப் பிறகுதான்.

முதல் படி: நீதிமன்றம் இல்லாத உலகத்தை அறிந்துகொள்ளுங்கள்

'வூ' என்றால் போர்க்கலை. 'ஷியா' என்றால் பிறர் துன்பத்துக்காகத் தன் உடலைப் பொருட்படுத்தாமல் இறங்குபவன். இவர்கள் வாழும் உலகத்துக்கு 'ஜியாங்ஹு' என்று பெயர். அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் 'ஆறுகளும் ஏரிகளும்'. அரசனுடைய சட்டமும் அதிகாரியின் முத்திரையும் முழுமையாக எட்டாத நீர்வழிகள், சத்திரங்கள், மடங்கள், மலைப்பாதைகள், பிச்சைக்காரர் சங்கங்கள், வண்டிக் காவல் நிறுவனங்கள் ஆகிய எல்லாம் சேர்ந்த பரப்பு அது. அங்கே ஒருவன் கொடுத்த வாக்கை நிறைவேற்றவைக்க நீதிபதி கிடையாது. அவனுடைய பெயர் ஒன்றுதான் பிணை. அந்தப் பெயர் கெட்டால் சத்திரத்தில் அவனோடு உட்கார்ந்து குடிக்க ஆள் இருக்காது, சீடனாக வரப் பிள்ளை இருக்காது, ஆபத்தில் துணைக்கு வர ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

இது நாவலாசிரியர்கள் புதிதாகக் கட்டிய உலகம் அல்ல. ஹான் ஃபெய் என்ற பழைய சட்டச் சிந்தனையாளர், அறிஞர்கள் எழுத்தால் சட்டத்தைக் குலைக்கிறார்கள் என்றும் ஷியாக்கள் ஆயுதத்தால் தடையை மீறுகிறார்கள் என்றும் இருவரையும் ஒருசேரக் கண்டித்தார். அவருக்குப் பிறகு வந்த வரலாற்றாசிரியர் சீமா சியென், தம்முடைய 130 அத்தியாய வரலாற்று நூலில் 124ஆம் அத்தியாயத்தை இந்த அலைந்து திரியும் வீரர்களுக்கென்றே ஒதுக்கி, அவர்கள் சட்டத்துக்கு ஒத்து நடக்காவிட்டாலும் சொன்ன சொல் தவறாதவர்கள் என்று எழுதினார்.

அந்த அத்தியாயத்தில் குவோ ஜியே என்பவரைப் பற்றி ஒரு நிகழ்ச்சி வருகிறது. அவருடைய சகோதரியின் மகன், மாமனின் செல்வாக்கை நம்பி, ஒருவனோடு குடிக்கும்போது அவனால் முடியாத அளவுக்கு மதுவை வலுக்கட்டாயமாக ஊற்றுகிறான். சினம் கொண்ட அந்த ஆள் கத்தியை உருவி அவனைக் குத்திக் கொன்றுவிட்டு ஓடிவிடுகிறான். சகோதரி மகனை அடக்கம் செய்ய மறுத்து, உடலைத் தெருவிலேயே போட்டுவைக்கிறாள்; பழிவாங்காத தம்பி வெட்கப்படட்டும் என்பது அவளுடைய எண்ணம். குவோ ஜியே கொலையாளியின் இருப்பிடத்தைக் கண்டுபிடிக்கிறார். இனித் தப்ப வழியில்லை என்று உணர்ந்த அவன் தானே வந்து நடந்ததை அப்படியே சொல்கிறான். எல்லாவற்றையும் கேட்ட குவோ ஜியே, நீ கொன்றது நியாயம், தவறு எங்கள் பிள்ளையுடையது என்று சொல்லி அவனைப் போகவிட்டு, மருமகனை எடுத்து அடக்கம் செய்கிறார். ஆள் பலம் அவரிடம் இருந்தது, உறவின் உரிமை இருந்தது, ஊரார் பார்வையில் காரணமும் இருந்தது. அத்தனையையும் அவர் கீழே வைத்துவிட்டார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்ட வூஷியா நாவல்களின் முழு நெறியும் இந்தச் சிறிய நிகழ்ச்சிக்குள் அடங்கியிருக்கிறது என்பது என் துணிபு.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் 'இன்று போய் நாளை வா' நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் அங்கே பேசுபவன் அரசன். போர் என்பது படைகளுக்கு இடையே, எல்லாருக்கும் தெரிந்த முறைப்படி நடப்பது. ஜியாங்ஹுவில் முறையைக் காக்க அரசன் இல்லை. அதனால்தான் விட்டுக்கொடுப்பவன் அங்கே கூடுதலாக இழக்கிறான்.

நவீன வூஷியா பிறந்த கதையும் ஒரு சண்டையோடு தொடர்புடையதுதான். 1954 ஜனவரி 17 அன்று, தாய்ச்சி ஆசான் ஒருவரும் வெண்கொக்குப் பாணி ஆசான் ஒருவரும் மக்காவ் நகரில் மேடை போட்டு மோதினார்கள். முந்தைய டிசம்பரில் ஹாங்காங்கின் ஷெக் கிப் மெய் பகுதியில் ஏற்பட்ட பெருந்தீயில் வீடிழந்தவர்களுக்கு நிதி திரட்டுவதும் அந்தப் போட்டியின் நோக்கங்களில் ஒன்று. இரண்டாம் சுற்றிலேயே சண்டை நிறுத்தப்பட்டு, வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, சமமும் இல்லை என்று அறிவிக்கப்பட்டது. ஊரே இதைப் பேசிக்கொண்டிருந்த வேளையில், மூன்றே நாளில், ஹாங்காங்கின் மாலைச் செய்தித்தாள் ஒன்றில் லியாங் யூஷெங் தம் முதல் வூஷியா தொடர்கதையைத் தொடங்கினார். மறு ஆண்டு ஜின் யோங் எழுத வந்தார். இருவர் மானமும் காக்கப்பட்ட ஒரு மோதலின் சூட்டிலேயே இந்த இலக்கியம் புதுப்பிறவி எடுத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

இரண்டாம் படி: இது எந்த வகை மோதல் என்று முடிவு செய்யுங்கள்

எல்லாச் சண்டைக்கும் ஒரே அளவுகோலை வைக்கக் கூடாது. திறமையை ஒப்பிட்டுப் பார்க்கும் போட்டியில், ஆயுதம் உடலைத் தொட்டதும் கை நிற்க வேண்டும். அங்கே கொன்றவன் வென்றவன் ஆகமாட்டான். பழிவாங்கும் சண்டையில் உயிர் போகலாம், ஆனால் பகைவனுக்கு எதற்காகச் சாகிறான் என்பது தெரிந்திருக்க வேண்டும். மேடையேறும் சண்டையில், உயிர் போனால் யாரும் கேட்கக்கூடாது என்று இருவரும் முன்கூட்டி எழுதிக் கையொப்பமிடுவது உண்டு. இன்னொருவரைக் காப்பாற்ற இறங்கும் சண்டையில்தான் சூழ்ச்சிக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கிறது.

கடைசி வகைக்கு ஜின் யோங்கின் 'சிரிக்கும் செருக்குடைய நாடோடி' நாவலில் ஒரு நல்ல காட்சி இருக்கிறது. யீலின் என்ற இளம் பிக்குணியைத் தியென் போகுவாங் என்ற காமக் கொடியவன் பிடித்துவைத்திருக்கிறான். அவளை மீட்க வந்த லிங்ஹு சோங், வாளில் தன்னைவிட வல்லவனான அவனிடம் நேராக மோதி வெல்ல முடியாது என்று அறிந்து, ஒரு மதுக்கடை மாடியில் விசித்திரமான பந்தயம் ஒன்றைக் கட்டுகிறான். இருவரும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சண்டையிட வேண்டும். நாற்காலியை விட்டு முதலில் எழுபவன் தோற்றவன். தோற்றவன் அந்தப் பிக்குணியைக் குருவாக ஏற்க வேண்டும். வெட்டுப்பட்டுக் குருதி வழியத் தரையில் விழுகிறான் லிங்ஹு சோங். வென்றுவிட்டதாக நினைத்துத் தியென் போகுவாங் எழுந்து நிற்கிறான். அப்போதுதான் பார்க்கிறான்: தரையில் ஊர்ந்துகொண்டிருப்பவனின் பின்புறத்தோடு நாற்காலி இன்னும் சேர்ந்தே இருக்கிறது. அவன் நாற்காலியை விட்டு எழவேயில்லை.

இங்கே வாசகர் கவனிக்க வேண்டியது லிங்ஹு சோங்கின் தந்திரத்தை மட்டும் அல்ல. ஒரே வீச்சில் அவனைக் கொன்றுவிட்டுப் பெண்ணைத் தூக்கிச் செல்லும் வலிமை தியென் போகுவாங்கிடம் அப்போதும் இருந்தது. அவனைத் தடுக்க அங்கே ஆள் இல்லை. ஆனாலும் அவன் தோல்வியை ஒப்புக்கொண்டு இறங்கிப் போகிறான். அவன் செய்த கொடுமைகள் இதனால் கழுவப்பட்டுவிடுவதில்லை. கதையும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் பந்தயத்தில் கொடுத்த சொல்லைக் கொடியவனும் காப்பான் என்ற இந்த ஓர் இடத்திலிருந்தே, நாவலின் பின்பகுதியில் அந்த நெறியைக்கூடக் காக்காத மதிப்புக்குரிய பெரியவர்களை நாம் அளக்கத் தொடங்குகிறோம்.

மூன்றாம் படி: முதல் அடிக்கு முன் நடப்பதை மெதுவாகப் படியுங்கள்

அவசரமாகப் படிப்பவர்கள் தாண்டிச் செல்லும் பகுதி இதுதான். ஒரு கையின் முட்டியை மறுகையின் உள்ளங்கையில் பொருத்தி வணங்குவது, பெயரையும் குருவின் பெயரையும் சொல்வது, இடமும் நாளும் குறித்து ஓலை அனுப்புவது, மூத்தவர் இளையவருக்கு முதல் மூன்று அடிகளை விட்டுக்கொடுப்பது, மறைகருவியை, அதாவது ஒளித்துவைத்த சிறிய எறிகருவியை, வீசுமுன் 'பார்த்துக்கொள்' என்று குரல் கொடுப்பது ஆகிய எல்லாம் சடங்குபோலத் தோன்றினாலும், ஒவ்வொன்றும் திடீர்த் தாக்குதல் என்ற அனுகூலத்தைக் கைவிடும் செயலாகும்.

இதற்கு ஆகச்சிறந்த எடுத்துக்காட்டு 1963 முதல் 1966 வரை வெளிவந்த 'தியென்லோங் பாபூ' நாவலில் இருக்கிறது. பிச்சைக்காரர் சங்கத்தின் தலைவனாக இருந்த ஷியாவ் ஃபெங், சீனர்களுக்குப் பகையான கித்தான் இனத்தில் பிறந்தவன் என்று தெரியவந்ததும் துரத்தப்பட்டவன். செய்யாத கொலைகளின் பழியும் அவன்மேல் விழுந்திருக்கிறது. அவனை ஒழிப்பது எப்படி என்று கலந்து பேச ஒரு மாளிகையில் நூற்றுக்கணக்கான வீரர்கள் கூடியிருக்கிறார்கள். அங்கே ஒரு பெரிய வைத்தியர் இருக்கிறார் என்பதற்காக, அடிபட்டுச் சாகக் கிடக்கும் ஒரு பெண்ணை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவன் தானாகவே உள்ளே வருகிறான். அந்தப் பெண் அப்போது அவனுக்கு உறவும் இல்லை, நெடுநாள் பழக்கமும் இல்லை.

சண்டை தவிர்க்க முடியாதது என்று தெரிந்ததும் அவன் மது கேட்கிறான். பழைய நண்பர்கள் ஒவ்வொருவராக வந்து தன்னோடு ஒரு கிண்ணம் குடிக்கட்டும். குடித்த பிறகு நட்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் உங்களைக் கொன்றால் நன்றி மறந்தவன் அல்ல, நீங்கள் என்னைக் கொன்றாலும் துரோகிகள் அல்ல என்கிறான். ஒவ்வொருவராக வந்து குடிக்கிறார்கள். நாற்பது ஐம்பது கிண்ணங்கள் ஆகின்றன. இடையில், முன்பின் நட்பே இல்லாத ஒருவன் வந்து கிண்ணத்தை நீட்டும்போது, முறித்துக்கொள்ள உனக்கும் எனக்கும் என்ன நட்பு இருந்தது என்று கேட்டு அவனைத் தூக்கி எறிகிறான். அந்த மதுவை எவ்வளவு மெய்யாக அவன் குடிக்கிறான் என்பதை இந்த ஒரு செயல் காட்டிவிடுகிறது.

எதிராளிகளின் மனத்தில் இருந்த தயக்கம்தான் அவனுக்கு அன்று இருந்த ஒரே கேடயம். பழைய நண்பன்மேல் கை ஓங்கத் தயங்குபவர்களின் கூச்சத்தைப் பயன்படுத்தி அவன் தப்பியிருக்கலாம். அந்தக் கேடயத்தை அவனே கிண்ணம் கிண்ணமாகக் கழற்றி வைக்கிறான். அதன் பிறகு நடக்கும் சண்டையில் அவன் கையாலும் பலர் சாகிறார்கள், அவர்களில் சாகத் தகாதவர்களும் உண்டு; அந்தக் குருதியை நாவல் மறைப்பதில்லை. மாளிகையின் சொந்தக்காரர்களான சகோதரர் இருவர், தங்கள் கேடயங்கள் பறிக்கப்பட்டதும், கேடயம் போனால் ஆளும் இல்லை என்ற குருவின் சொல்லை நினைத்துத் தம்மைத் தாமே மாய்த்துக்கொள்கிறார்கள். மானம் என்பது அழகான சொல் மட்டும் அல்ல, அது ஆட்களைத் தின்னவும் செய்யும் என்று ஜின் யோங் அதே காட்சியிலேயே காட்டிவிடுகிறார்.

நான்காம் படி: இருபக்க அனுகூலங்களையும் கணக்கெடுங்கள்

சண்டை தொடங்கியதும் சில நொடிகள் நின்று, யாரிடம் என்ன கூடுதலாக இருக்கிறது என்று பாருங்கள். ஆள் எண்ணிக்கை, வயதும் அனுபவமும், ஆயுதத்தின் கூர்மை, நஞ்சு, மறைகருவி, களைப்பு, காயம் ஆகியவை வழக்கமாக வருபவை. பலர் சேர்ந்து ஒருவனை அடிப்பது இழிவு. மூத்தவர் இளையவனை அடிப்பதும் இழிவு. நஞ்சு பூசிய ஆயுதம் அதைவிடக் கீழ். இவையெல்லாம் எளிதாகப் பிடிபடும்.

எளிதில் பிடிபடாதது 'சக்கரச் சண்டை'. ஒருவர் பின் ஒருவராக வந்து மோதி ஒரே ஆளைக் களைக்கச் செய்வது இது. ஒவ்வொரு மோதலும் தனியே பார்த்தால் ஒருவருக்கு ஒருவர்தான். மொத்தமாகப் பார்த்தால் கும்பல் தாக்குதல். 'விண்வாளும் நாகம் கொல்லும் கத்தியும்' நாவலில் ஆறு பெரும் பள்ளிகள் மிங் சமயத்தாரின் மலையை முற்றுகையிடும்போது இதுதான் நடக்கிறது. வெள்ளைப் புருவக் கழுகரசர் எனப்படும் யின் தியென்செங் தனியாக நின்று, வருபவர் எல்லாரையும் தடுத்துத் தடுத்து ஓய்ந்துபோயிருக்கிறார், காயமும் பட்டிருக்கிறது. அடுத்து வருபவர் வூதாங் பள்ளியின் மூத்த சீடர் சோங் யுவான்சியாவ். அவருடைய பள்ளியின் பக்கம்தான் வெற்றி நெருங்கிக்கொண்டிருந்தது. ஓங்கி ஓர் அடி அடித்தால் போதும். அவரோ, காயம்பட்டவரிடம் உள்வலிமையைக் காட்ட மாட்டேன் என்று சொல்லி, கைக்கெட்டாத தூரத்தில் தள்ளி நின்றுகொள்கிறார். இருவரும் வெறும் அடவுகளை மட்டும் காற்றில் வீசிக் காட்டுகிறார்கள். ஒருவர் தாக்கும் அடவுக்கு மற்றவர் தடுக்கும் அடவு, கை கையைத் தொடாமலே. முற்றுகையின் நடுவே, சுற்றிலும் இறந்தவர்கள் கிடக்கும்போது, நரைத்த தலையோடு இரண்டு ஆசான்கள் எதிரெதிரே நின்று காற்றோடு போரிடும் இந்தக் காட்சியை நான் பலமுறை திரும்பிப் படித்திருக்கிறேன். முற்றுகை தவறு என்று சோங் யுவான்சியாவ் நினைக்கவில்லை. இருந்தாலும் களைப்பு என்ற அனுகூலத்தை மட்டும் அவரால் கையில் எடுக்க முடியவில்லை.

ஐந்தாம் படி: பகைவனுக்குக் கொடுக்கப்பட்டது என்ன என்று பாருங்கள்

இந்த இடத்தில் நிதானமாக நிற்க வேண்டும். ஏனென்றால் அனுகூலத்தைக் கைவிடுவது ஒரு நிலை. அதை எடுத்துப் பகைவன் கையிலேயே கொடுப்பது அதற்கும் மேலான நிலை. 1959இல் வெளிவந்த 'பனிமலையின் பறக்கும் நரி' அளவில் சிறிய நாவல். ஆனால் இந்த மேல்நிலையை அதைப்போல் காட்டிய வூஷியா கதை வேறு இல்லை என்றே நான் கருதுகிறேன்.

ஹூ குடும்பத்துக்கும் மியாவ் குடும்பத்துக்கும் நூறாண்டுக்கு மேற்பட்ட பகை. சாங்சோவ் பகுதியின் ஒரு சிறிய சத்திரத்தில் ஹூ யீதாவும் மியாவ் ரென்ஃபெங்கும் சந்திக்கிறார்கள். ஹூவின் மனைவிக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருக்கிறது. பகலில் இருவரும் கொல்லும் நோக்கத்தோடு சண்டையிடுகிறார்கள்; பொழுது சாய்ந்ததும் நிறுத்திவிட்டுச் சாப்பிடுகிறார்கள். நாள் கணக்கில் இது நீள்கிறது. பேச்சுவாக்கில் மியாவ், தன் குடும்பத்தாரைக் கொன்ற ஷாங் ஜியென்மிங் என்பவனைப் பழிவாங்காமலே சாக நேரிடலாம் என்று வருந்துகிறான். அன்றிரவு ஹூ தூங்கவில்லை. ஐந்து குதிரைகள் களைத்து விழ விழ ஏறிச் சென்று, ஷாங்கின் தலையோடு விடியலில் திரும்பி வருகிறான். இரவெல்லாம் தூங்கியவனோடு, இரவெல்லாம் பயணம் செய்த அவன் அன்றும் சண்டையிடுகிறான். பகைவன் மனக்குறையோடு சாகக் கூடாது என்பதற்காகத் தன் ஓய்வைக் கொடுத்திருக்கிறான். பிறகு ஓர் இரவு இருவரும் ஒரே படுக்கையில் படுத்து விடிய விடியப் போர்க்கலை பேசுகிறார்கள்.

இதைவிட நுட்பமான செய்தி ஒன்று இருக்கிறது. மியாவ் குறிப்பிட்ட ஓர் அடவை வீசுவதற்குச் சற்று முன் அவனுடைய முதுகு இலேசாக ஒருமுறை குலுங்கும். சிறுவயதில் பயிற்சியின்போது முதுகில் பூச்சி கடிக்க, சொறியத் துணியாமல் முதுகை அசைத்தது பழக்கமாக ஒட்டிக்கொண்டது. அவனுக்குப் பின்புறம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஹூவின் மனைவி இதைக் கவனித்துவிடுகிறாள். அந்த ஒரு குலுங்கல் தெரிந்தவனுக்கு மியாவின் உயிர் கைக்குள் வந்துவிட்டது என்று பொருள். ஹூ அதை வைத்து அவனை மடக்குகிறான், ஆனால் வெட்டவில்லை. குறை எங்கே இருக்கிறது என்பதைப் பகைவனிடமே சொல்கிறான். அதன் பிறகு இருவரும் தத்தம் கலையை ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்து, கத்தியையும் வாளையும் மாற்றிக்கொண்டு மோதுகிறார்கள். நஞ்சு பூசியிருந்தது அவர்கள் இருவருக்கும் தெரியாத ஓர் ஆயுதம் ஹூவைச் சிறிதளவு கீறியதில் கதை முடிகிறது. அந்த நஞ்சை வைத்தவர்கள், பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள். போரிட்ட இருவரும் மாசற்றவர்கள், வேடிக்கை பார்த்தவர்களிடம்தான் மாசு இருந்தது என்ற இந்த அமைப்பு தற்செயலானது அல்ல.

ஆறாம் படி: வென்ற கை எங்கே நிற்கிறது?

மேடைப் போட்டியில் வென்றவர், 'நீங்கள் விட்டுக்கொடுத்தீர்கள்' என்று தோற்றவரிடம் சொல்வது மரபு. வெறும் மரியாதைச் சொல்போலத் தெரிந்தாலும், வெற்றியின் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கும் சொல் அது. சிலருக்கு இந்தக் குணம் தோல்வியையே கொண்டுவருகிறது. 'சிரிக்கும் செருக்குடைய நாடோடி' நாவலில், ஷாவோலின் மடத்தில் நடக்கும் மூன்று போட்டிகளின் முதலாவதில், தலைமைத் துறவி ஃபாங்செங், எதிர்ப்பக்கத்து ரென் வோஷிங்கைவிடக் கை ஓங்கியவராகவே இருக்கிறார். இதை உணர்ந்த ரென், திடீரென்று பக்கத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒருவனைக் கொல்லப் பாய்கிறான். துறவி அந்த ஆளைக் காக்கத் திரும்புகிறார். அந்தக் கணத்தில் அவருடைய வர்மப் புள்ளி பிடிபடுகிறது. போட்டி போய்விட்டது. யார் வென்றார்கள் என்பதை மட்டும் எழுதிவைப்பவர் இந்தக் காட்சியைத் தவறவிடுவார்.

கொல்வதே கூடாது என்று இந்தக் கதைகள் சொல்வதில்லை. முதல் 'கழுகு வீரர்கள்' நாவலின் இறுதியில், ஹுவாஷான் மலையில் சுற்றிவளைக்கப்பட்ட கொடியவன் சியூ சியென்ரென் ஒரு சவால் விடுகிறான்: வாழ்நாளில் தகாத கொலை செய்யாதவர் யாரோ அவர் வந்து என்னைக் கொல்லட்டும். எல்லாரும் தம் நினைவுகளுக்குள் மூழ்கித் தயங்கி நிற்கும்போது பிச்சைக்காரர் சங்கத்தின் ஹோங் சீகோங் முன்வருகிறார். தாம் 231 பேரைக் கொன்றதாகவும், அவர்களில் தீயவன் அல்லாதவன் ஒருவனும் இல்லை என்றும், நீ 232ஆவது ஆள் என்றும் சொல்கிறார். எண்ணிக்கையை அவர் நினைவில் வைத்திருப்பதுதான் இங்கே முக்கியம். ஒவ்வொரு உயிருக்கும் கணக்கு வைத்த கைக்கு மட்டுமே அந்தச் சவாலுக்குப் பதில் சொல்ல முடிந்தது. சியூ உடைந்துபோய்த் துறவியாகிறான்.

ஏழாம் படி: 'இவர்களிடம் விதி பார்க்கத் தேவையில்லை' என்ற சொல்லைத் தேடுங்கள்

நெறியை முகமூடியாக அணிந்தவர்களைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல அடையாளம் இல்லை. தீய சமயத்தாரிடம் ஜியாங்ஹு முறைகளைப் பார்க்க வேண்டாம் என்று யாராவது சொல்லும் இடத்தில், பென்சிலால் ஒரு கோடு போட்டுவையுங்கள். அடுத்து நடக்கப்போவது பெரும்பாலும் கும்பல் தாக்குதல் அல்லது குழந்தைகளின் கொலை. 'சிரிக்கும் செருக்குடைய நாடோடி' நாவலில், இசை நட்பு ஒன்றுக்காகக் 'கெட்டவர்' பக்கத்து மனிதரோடு பழகிய லியூ செங்ஃபெங், பொன் கிண்ணத்தில் கை கழுவி ஜியாங்ஹுவை விட்டே விலகிக்கொள்ள நாள் குறிக்கிறார். அந்தச் சடங்கு நாளிலேயே அவருடைய குடும்பத்தைக் கொன்றவர்கள் 'நல்லவர்' பக்கத்துப் பள்ளியினர். அதே நாவலில் 'கனவான் வாள்' என்று பட்டம் பெற்ற யுவே பூசுன், ஐந்து மலைப் பள்ளிகளின் தலைமைக்கான போட்டியில் எதிராளியின் கண்களை ஊசியால் குத்திக் குருடாக்குகிறார்.

ஷியாவ் ஃபெங் நின்ற அந்த மாளிகைக்கு ஒருமுறை திரும்பிச் செல்லலாம். ஹான் மக்களின், அதாவது சீனர்களின், பெயரால் அவனோடு மோதும் ஷாவோலின் துறவி பயன்படுத்தும் கலை தியென்ஜுவிலிருந்து, அதாவது இந்தியாவிலிருந்து வந்தது. அந்நியன் என்று பழிக்கப்பட்ட ஷியாவ் ஃபெங் வீசும் கைக்குத்துகளோ சோங் வம்சத்தை நிறுவிய பேரரசரின் பெயரால் வழங்கும், எல்லாருக்கும் தெரிந்த எளிய கலை. அவன் அதைச் சுட்டிக்காட்டியதும் கூட்டத்தில் பலர் திகைக்கிறார்கள். தென்னிந்தியாவிலிருந்து சென்றதாகச் சீன மரபு சொல்லும் போதிதர்மரை ஷாவோலின் போர்க்கலையின் முதல்வராக வைப்பது வூஷியா கதைகளின் வழக்கம். வரலாற்றாய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. அவர் பெயரில் வழங்கும் தசைநார்ப் பயிற்சி நூல் 17ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. என்றாலும் இந்தக் காட்சியில் அந்த மரபு செய்யும் வேலை பெரியது: யார் நம்மவன், யார் அந்நியன் என்று பிரித்துக்கொண்டு நெறியை ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதாக்குபவர்களின் காலடியிலிருந்து தரையை உருவிவிடுகிறது.

எட்டாம் படி: எழுத்தாளருக்கு ஏற்ப அளவுகோலைச் சற்றுத் திருத்துங்கள்

தைவானில் எழுதிய கு லோங்கின் (1938–1985) கதைகளில் நீண்ட அடவு வரிசைகள் இல்லை. ஒரே வீச்சில் சண்டை முடிந்துவிடும். அங்கே நெறியைச் சண்டைக்கு வெளியே தேட வேண்டும். 'மூன்றாம் இளவலின் வாள்' நாவலில், யென் ஷீசான் தன் பதினைந்தாவது வாள்வீச்சைக் கண்டடைகிறான். அது அவன் கட்டுப்பாட்டையும் மீறி எதிராளியைக் கொல்லப்போகிறது என்று உணர்ந்த நொடியில் வாளைத் தன் கழுத்துக்கே திருப்புகிறான். வாழ்நாள் முழுவதும் தேடிய வெற்றியை அவன் விட்டுக்கொடுக்கிறான்.

வெய் ஷியாவ்பாவின் கேள்விக்கும் இந்த இடத்தில் ஒரு விடை சொல்லலாம். அந்தப் பையனுக்குக் கலை தெரியாது, வலிமை இல்லை, பெயர் இல்லை. விட்டுக்கொடுக்க அவனிடம் எதுவுமே இல்லை. எல்லாம் உள்ளவனிடம்தான் நெறி கேள்வி கேட்கும். ஆகவே மாவ் ஷீபாவின் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த அறை விழுந்திருக்க வேண்டிய கன்னம் அது அல்ல.

ஒன்பதாம் படி: இனி நீங்களே ஒரு சண்டையை எடைபோடுங்கள்

'பனிமலையின் பறக்கும் நரி' நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1993இல் வந்தது. அதன் கடைசிப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹூ யீதாவின் மகன் ஹூ ஃபெய் வளர்ந்து பெரியவனாகிவிட்டான். செங்குத்தான மலைச்சரிவில், கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்ந்துகொண்டிருக்கும் ஒரு பாறையின்மேல் அவனும் மியாவ் ரென்ஃபெங்கும் நின்று மோதுகிறார்கள். மியாவின் மகளை ஹூ ஃபெய் நேசிக்கிறான். அவளுடைய தந்தைக்குத் தீங்கு செய்வதில்லை என்று அவளிடம் வாக்கும் கொடுத்திருக்கிறான். இருவருக்கும் இடையே இருப்பது ஒரு தவறான புரிதல்தான். ஆனால் அதை விளக்கப் பேச்சுக்கு நேரம் இல்லை.

அப்போது எதிரே பனிச்சுவரில் தெரியும் நிழலில், மியாவின் முதுகு இலேசாக ஒருமுறை குலுங்குவதை ஹூ ஃபெய் பார்க்கிறான். அடுத்து வரப்போகும் அடவு எது என்று அவனுக்குத் தெரியும். இப்போது வெட்டினால் மியாவ் சாவான். வெட்டாவிட்டால் அந்த அடவு இவனைப் பாறையிலிருந்து தள்ளிவிடும். தாய் கண்டுபிடித்து, தந்தை பகைவனிடமே சொல்லி, பயன்படுத்திக் கொல்லாமல் விட்ட அதே குறை. கத்தி ஓங்கியபடி இருக்கிறது.

ஜின் யோங் அந்த வரியோடு நாவலை முடித்துவிட்டார். வெட்டுவானா மாட்டானா என்பதை வாசகர் ஒவ்வொருவரும் தம் இயல்புக்கேற்ப எண்ணிக்கொள்ளட்டும் என்று பின்னுரையிலும் விட்டுவிட்டார். ஹூ ஃபெய்யின் கையில் அப்போது இருக்கும் அனுகூலங்களையும், அவற்றுள் எது எவரால் அவனுக்குக் கிடைத்தது என்பதையும் ஒரு தாளில் எழுதிப்பாருங்கள். பிறகு அந்தக் கத்தி இறங்குமா என்று உங்கள் விடையை அதன் கீழே எழுதுங்கள்.